தூருக்கு ஒரு சுருள்

மூன்று வரிகளைப் பென்சிலால் வளைத்துவிட்டு, துப்பறியும் அதிகாரி ஷம்சுதீன் பத்திரிகையை மேசையின் குறுக்கே தள்ளினார்.

எதிரே உட்கார்ந்திருந்த நாகரத்தினம் அதை எடுக்கவில்லை. எழுதியவனே அவன்தான்.

ஞாயிறு இதழின் சிறுவர் பக்கம். தேயிலைத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி பள்ளி விட்டதும் காட்டுக்குள் போகிறாள். ஓடையைப் பிடித்துக்கொண்டு ஏறினால் விழுந்து கிடக்கும் ஒரு மரம். அதற்கு மேலே ஈரக் கரை முழுக்கப் பெரணி. விரியாத சுருளைத்தான் கிள்ள வேண்டும். தூருக்கு ஒரு சுருளை விட்டுவிட வேண்டும். அது காட்டின் பங்கு. தாகம் எடுத்தால் எந்தக் கொடியை வெட்டினால் தண்ணீர் சொட்டும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவ்வளவுதான் கதை.

மலாயாவில் அவசரகாலம் பிறந்து மூன்றாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகள். தோட்டத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக் கூடாது. தமிழ்ப் பத்திரிகைகளை வரி விடாமல் வாசிப்பது ஷம்சுதீனின் வேலை. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மாற்றலாகி மலையேறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. போலீஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜப்பார் கடைத் தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

“இது கதையா வாத்தியாரே? காட்டுல இருக்கறவனுக்குப் பசியாற வழி எழுதிக் குடுத்திருக்கீங்க லா.”

அவர் கேட்டது இரண்டே. அடுத்த ஞாயிறு வரவேண்டிய இரண்டாம் பகுதியில் இந்த மாதிரி வரிகளை நாகரத்தினமே தன் கையால் அடித்துவிட வேண்டும். இதையெல்லாம் அவனுக்குச் சொன்னது யார் என்று படிவத்தில் எழுத வேண்டும். முடியாது என்றால் தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம் போதும். பள்ளிக்கூட வேலை போகும். வேலையோடு வீடும் போகும்.

சொன்னவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வாத்தியார் சிங்கப்பூரில் கல்லூரி படித்தவர். காலில் தார்ச் சாலையை விட்டு இறங்காத சப்பாத்து. பெரணிக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டுச் சிரித்தார்.

முன்பு தெரியாது என்றான் நாகரத்தினம்.

அவன் பார்வை அவருடைய சட்டைப் பொத்தானிலேயே நின்றது. அவர் தலைக்கு மேல், அலமாரியின் உச்சியில், பிடிபட்ட சாமான்கள் கிடந்தன. நசுங்கிய பிஸ்கட் தகரம், ஒற்றை ரப்பர் சப்பாத்து, ஒரு கூடை. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைச் சீட்டு. உள்ளே வந்தபோது ஒருமுறை பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

ஷம்சுதீன் இறங்கி வந்தார். கதை எழுதவே வேண்டாம் என்று யார் சொன்னது? காட்டை எடுத்துவிட்டுச் சீனர் தோட்டத்தைப் போடலாமே.

“அந்தப் பிள்ளை முட்டக்கோஸு பறிக்கட்டும். அதுல என்னா கொறச்சல்?”

முட்டைக்கோஸ் தோட்டத்தில் பாத்தி முழுக்க அறுத்துவிடுவார்கள் என்றான் நாகரத்தினம். இந்தக் கதை, ஒன்றை விட்டுவைப்பதைப் பற்றியது.

பென்சில் அவன் பக்கம் உருண்டு வந்து நின்றது.

“ஒரு வரியும் அடிக்க மாட்டேன் பாய். அடுத்த ஞாயிறும் அவ காட்டுக்குத்தான் போவா.”

அந்த அறையில் எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். ஷம்சுதீன் தேநீரைக் கீழே வைத்தார். அப்படியென்றால் பெயர், என்றார். துரைக்குப் போகும் கடிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெயரைக் கொடுக்காமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

நாகரத்தினம் உடனே பேனாவை எடுத்தான். அது அவருக்கே ஆச்சரியம். பெயர் எழுதச் சொன்னால் எல்லோரும் முதலில் தண்ணீர் கேட்பார்கள்.

கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிய எழுத்தில் எழுதினான். ருக்குமணி. வயது இருபத்திரண்டு. கொழுந்து பறிப்பவர். ஏழு வயதிலிருந்து காட்டுக்குப் போய்வந்தவர்.

‘தற்போது இருக்கும் இடம்’ என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டான்.

ஷம்சுதீன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார். முகம் மலர்ந்துவிட்டது. எந்த லயத்து வரிசை, அதில் எத்தனையாவது வீடு என்று கேட்டுக்கொண்டே, ஜீப்பை எடுக்கச் சொல்லி வெளியே குரல் கொடுத்தார்.

நாகரத்தினம் எழுந்தான்.

மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அலமாரியின் உச்சியிலிருந்து கூடையை இறக்கினான். ஷம்சுதீன் தடுக்கக் கை நீட்டினார். எதனாலோ அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது.

கொழுந்துக் கூடை. நெற்றியில் மாட்டும் வாரில் ஒரு நீலத் துணி சுற்றித் தைத்திருந்தது. அடியில் பெரணிச் சுருள்கள் காய்ந்து, கறுத்து, உடைந்த வளையல்போல் கிடந்தன.

அதைப் பத்திரிகையின் மேல் வைத்தான்.

அட்டைச் சீட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தது. போன மார்ச் மாதத்துத் தேதி. வேலிக்கு வெளியே ரோந்தில் சுடப்பட்டவரிடம் இருந்தது. காட்டுக்குக் கொண்டுபோன உணவு. பெயர் எழுத வேண்டிய இடத்தில் மலாய் மொழியில் ‘பெண்’ என்று மட்டும்.

“கொண்டுபோகல பாய். கிள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தா.”

வெளியே ஜீப் உறுமத் தொடங்கியது. ஷம்சுதீன் அதை நிறுத்தச் சொல்லவில்லை, ஏறவும் எழவில்லை.

நாகரத்தினம் மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்தான். அவர் அடிக்கச் சொல்லிக் கொடுத்த பென்சில்.

சீட்டிலிருந்த ‘பெண்’ என்ற சொல்லை அழுத்தி அடித்தான். அதன் மேல் எழுதினான்.

ருக்குமணி. என் மனைவி.