மழைத்தண்ணீர் மட்டும்

பிணத்தைக் குளிப்பாட்டும் தண்ணீர் கனாலில் இறங்கக் கூடாது என்று சுகாதாரக் காவலர் கிளெமான் சாவுப் பந்தலில் நின்று, தீவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் சொன்னார்.

கனால் என்பது கான் தெ மாஸ்க் என்ற கரும்புத்தோட்ட ஊரில் மேல்வரிசை வீடுகளுக்கு முன்னால் ஓடும், கல் கட்டிய மழைநீர் வாய்க்கால். மேலே எது விழுந்தாலும் அது கீழ்வரிசைக்காரர்கள் தண்ணீர் மொள்ளும் தொட்டியில் போய்ச் சேரும்.

மழைத்தண்ணீர் தவிர வேறெதையும் அதில் விடக் கூடாது என்று கடைச்சுவரில் விதி ஒட்டியிருந்தார்கள். மாட்டுக்கொட்டில் கழுவியது கூடாது, துணி துவைத்தது கூடாது, சாம்பல் கூடாது.

மழையாவது கேட்காமல் பெய்யலாமா என்று ஊர் கேலி பேசியது. பேசிவிட்டு, காவலர் தலை மறைந்ததும் கொட்டியது.

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் கீழ்வரிசையில், பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனது. கேலி நின்றது. கொட்டுவது மட்டும் முழுதாக நிற்கவில்லை.

இப்போது மேல்வரிசையில் மருதை. ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்து, பாதி ஆயுசு அடுத்தவன் கரும்பை வெட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கியவர். அவரும் அதே காய்ச்சலில் விடியும்போது போய்விட்டார்.

ஈரத்துணியால் துடைத்தால் போதும், டாக்டரின் உத்தரவு அதுதான் என்றார் கிளெமான். மதியம் டாக்டரே கனாலைப் பார்க்க வருவார் என்றும் சொன்னார். குரலில் உயிரே இல்லை. காய்ச்சல் கண்ட வீடுகளிலெல்லாம் ஏறி இறங்கி, இதையே சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

மருதையின் மனைவி பாக்கியம் தலையை ஆட்டினாள். ஊரைப் போலவே அவளும் காவலரை முசே, அதாவது ஐயா, என்றுதான் அழைத்தாள். காட்டிலிருந்து வந்து ஒருநாளும் குளிக்காமல் சாப்பிடாத மனிதரைத் துடைத்து அனுப்ப மாட்டேன் முசே, வேண்டுமானால் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போங்கள் என்றாள்.

மருதையின் தம்பி சின்னனுக்கு வேறு கவலை. பிணம் குளித்த தண்ணீர் வாசலில் தேங்கினால் உயிரும் அங்கேயே சுற்றும், அது ஓடிப்போக வேண்டும் என்றார். எங்கே ஓடுவது, கீழ்வரிசைக்காரன் குடத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் சின்னனிடம் யார் வாய் கொடுப்பது?

கிளெமான் கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொய்யா மரத்தில் மாட்டினார். வீட்டுக்குப் பின்னால் போய்க் கடப்பாரையோடு வந்தார்.

குழி வெட்டி, அதில் தண்ணீரை இறக்கி, சுண்ணாம்பு போட்டு மூடுவது என்று ஏற்பாடு. வெட்டுவது அவர் வேலை இல்லை. வீட்டுக்காரர்கள் வெட்ட வேண்டும், காவலர் நின்று பார்க்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் வெட்டக்கூடியவர்கள் பாதிப்பேர் பாயில் கிடந்தார்கள். மருதையின் மகன் ராஜனே காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவன். நிற்பதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முக்கால்வாசி கருங்கல். வெட்டியதைவிடக் கல் பொறுக்கியதுதான் அதிகம். முழங்கால் ஆழம் போனதும் பாறை தட்டியது. அகலப்படுத்தலாம் என்றால் ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் கையெட்டும் தூரத்தில் கனால்.

இவ்வளவுதான் முடியும், ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றுங்கள், குடமாகக் கவிழ்க்காதீர்கள் என்று கிளெமான் சொன்னார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும்.

யார் கேட்டார்கள்? பங்காளி ஒரு செம்போடு நிறுத்தினால் நாளைக்கு ஊர் என்ன பேசும்?

பலகையில் கிடத்தி, எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்தார்கள். முதலில் ராஜன் ஊற்றினான். பிறகு சின்னன், பிறகு முறைப்படி ஒவ்வொருவராகக் குடம் குடமாகக் கவிழ்த்தார்கள். மருதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர் பலகையிலிருந்து வழிந்து குழிக்குள் இறங்கி, ஏறிக்கொண்டே வந்தது.

கிளெமான் கனால் பக்கம் குந்திக்கொண்டு, இரண்டு கைகளாலும் கரைக்கு மண் அணைத்துக்கொண்டே இருந்தார்.

நேரமாகிறது என்று, பிணத்தை ஏற்றிப்போக வந்திருந்த வண்டிக்காரன் குரல் கொடுத்தான்.

கடைசியாகப் பாக்கியம் செம்போடு வந்தாள். பலகையிடம் போகவில்லை. குழியைச் சுற்றி வந்து கிளெமானின் முன்னால் நின்றாள். இப்போது முசே என்று கூப்பிடவில்லை.

"நீயும் உங்கப்பாவுக்கு ஒரு செம்பு ஊத்துடா, பெரியவனே."

மரி-ஆன் என்ற கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொள்ள மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி அவன் கிளெமான் ஆன அன்றே, எனக்கு மூத்த பிள்ளை இல்லை என்று மருதை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வாசலில் அவன் வெறும் முசே கிளெமான். செத்த பிறகும் தகப்பனைத் தொட அவனுக்கு உரிமை கிடையாது என்று காலையில் தீர்ப்புச் சொன்னவர் சின்னன்தான்.

சின்னன் அண்ணன் பிள்ளையைப் பார்த்தார். இடுப்புவரை சேறு. உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

கிளெமான் எழுந்து செம்பை வாங்கினான். பலகையில் கிடந்த தகப்பனைப் பார்த்தான். பிறகு குழியைப் பார்த்தான். தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. இனி ஒரு செம்பு விழுந்தாலும் அது கனாலுக்குத்தான் போகும்.

"குழி நிறைஞ்சிடுச்சும்மா" என்றான்.

செம்பை அவளிடமே கொடுத்துவிட்டு, சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்தான்.