ஐந்தாவது ரீல்

கதவு அதிர்ந்தது. யாரோ இரண்டு கையாலும் அடித்தார்கள்.

ஹில்டா தாழ்ப்பாளின்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள்.

படம் ஓட்டும் அறை. நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டும். கீழே ரிவர்சைடு நகரத்து ஜனம் எழுநூறு பேர், சனிக்கிழமை சாயங்காலப் படத்துக்கு வந்தவர்கள். இன்னும் வெளிவராத ஒரு படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் அவர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது ஸ்டுடியோக்காரர்களின் வழக்கம்.

ஐந்தாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருக்கவே கூடாத நான்கு நிமிடம் இப்போதுதான் தொடங்கியிருந்தது.

ஆபரேட்டர் எட்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தட்டுவது யார், தன் வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டார். யார் தட்டுகிறார்கள் என்று ஹில்டாவுக்குத் தெரியும். யாராவது கேட்டால் எடிட்டர் பொம்பளை கதவை மறித்தாள் என்று சொல்லிவிடுங்கள், படம் மட்டும் நிற்கக் கூடாது என்றாள்.

கீழேயிருந்து யாரோ கூப்பிட, அறையின் தொலைபேசி அடித்தது. ரிசீவரை எடுத்துத் தொங்கவிட்டாள்.

திரையில் ஒரு பணக்கார வீட்டு விருந்து. வேலைக்காரி மேசையைச் சுற்றி வந்து சூப் ஊற்றுகிறாள். சற்றுமுன் சமையலறையில் அவளுக்குத் தந்தி வந்தது. சுரங்கத்துக்குப் போன மகன் இனி இல்லை. அவள் அழவில்லை. மேசையில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஊற்றியாக வேண்டும்.

அந்த வேலைக்காரி லெனோர் வைஸ்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஹாலிவுட்டில் ரயிலிறங்கியவர்கள். ஒரே விடுதி, ஒரே அறை. நல்ல காலணி ஜோடுகூட இருவருக்கும் ஒன்றுதான். ஹில்டாவுக்குச் சரியாக இருக்கும். லெனோர் முனையில் காகிதம் திணித்துக்கொண்டு வாய்ப்புக் கேட்கப் போவாள்.

ஹில்டா சீக்கிரமே நடிப்பை விட்டு, பிலிமை வெட்டி ஒட்டும் அறைக்குப் போய்விட்டாள். லெனோர் விடவில்லை. செவிலி, வேலைக்காரி, வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பெண் என்று பேரில்லாத வேஷமாகவே வந்தது. உன் நேரம் வரும்டி என்று ஹில்டா சொல்லிச் சொல்லி, சொன்ன வாய்க்கே சலித்துவிட்டது.

வந்தது. ஒரு சூப் பாத்திரத்தோடு வந்தது.

படத்தின் கதாநாயகிக்கு அது பொறுக்கவில்லை. அந்தக் காட்சி இருந்தால் தன்னை யார் பார்ப்பார்கள் என்றாள். ஸ்டுடியோ முதலாளி கெஸ்லருக்குக் கதாநாயகி வேண்டும். டைரக்டரோ, அதை எடுத்தால் என் பேரையும் எடுத்துவிடுங்கள் என்று நின்றார். ஒரு வாரம் இழுபறி. வியாழக்கிழமை காலையில் டைரக்டர் திடீரென்று வாயை மூடிக்கொண்டார். நான்கு நிமிடத்தையும் வெட்டு, நெகட்டிவை எரித்துவிடு என்று ஹில்டாவின் மேசைக்கு உத்தரவு வந்தது.

வெட்டினாள். எரிக்கவில்லை. இன்று மதியம், படப்பெட்டிகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், வெட்டியதைத் திரும்ப ஒட்டினாள்.

அப்படிச் செய்ய அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. திங்கட்கிழமை ஸ்டுடியோ வாசலில் காவலாளி தன்னை உள்ளே விடமாட்டான் என்பதும் தெரியும். தெரிந்தேதான் ஒட்டினாள்.

கதவில் அடி தளர்ந்தது. இப்போது உள்ளங்கையால் மட்டும் தட்டும் சத்தம்.

ஹில்டா திரும்பித் தாழ்ப்பாளை நீக்கினாள்.

லெனோர் நின்றிருந்தாள். கெஸ்லருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து படியேறி ஓடி வந்தவள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

“நான்தானேடி வெட்டச் சொன்னேன்.”

ஆமாம், அவள்தான். புதன்கிழமை டைரக்டரிடம் போய், அதில் என்னைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியவள் அவள். அதற்கு விலையாகக் கெஸ்லர் ஏழு வருஷ ஒப்பந்தம் நீட்டியிருந்தார், முதல் படத்திலேயே கதாநாயகி. அன்றைக்கே ஹில்டாவின் வீட்டுக்கு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். முப்பத்தாறு வயசாகிவிட்டது, இனிமேல் தட்டு தூக்கமாட்டேன் என்றாள். ஹில்டாவும் கட்டிக்கொண்டு வாழ்த்தினாள்.

“நீ சொன்னே. நான் கேக்கல,” என்றாள் ஹில்டா.

லெனோர் கை ஓங்கினாள்.

கீழே எழுநூறு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. ஒரு நாற்காலிகூட முனகவில்லை. படம் ஓடும் இயந்திரச் சத்தத்துக்கு மேலே அந்த நிசப்தம் வந்து நின்றது.

ஓங்கிய கை தானாக இறங்கியது.

அந்தக் காட்சியை லெனோர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலேதான் விற்றிருந்தாள்.

எட்கர் சின்னக் கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி இடம் கொடுத்தார். லெனோர் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். ஐந்தாவது கிண்ணம். ஆறாவது.

ஹில்டா கதவைத் தாழிட்டாள்.

படியில் காலடிகள். அவசரமில்லாத காலடிகள். பிறகு விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு. எந்தக் கதவையும் இரண்டாம் தடவை தட்டிப் பழகாத ஆளின் தட்டு. கெஸ்லரின் குரல் மெதுவாக, ஏறக்குறையப் பிரியமாக, லெனோரின் பேரைச் சொல்லி அழைத்தது. படத்தை நிறுத்தச் சொல், கீழே வந்து உட்கார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது.

ஹில்டா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். இனி திறப்பதும் திறக்காததும் லெனோர் பாடு.

லெனோர் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

“ரீல் முடியட்டும், சார்,” என்றாள்.