ஒன்பதாவது கேள்வி

"இந்த அறுபத்திரண்டு ஃபாரத்தையும் ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து நீயே ரொப்பிட்டியாம்மா?"

சகாதேவன் சார் இப்படிக் கேட்டதும் வினோதினிக்குப் பகீரென்றது. அவளுடைய எம்.ஃபில் ஆராய்ச்சிக்கு அவர்தான் கைடு.

"சத்தியமா இல்ல சார். அடி அண்ணாமலையில வீடு வீடா ஏறி இறங்கிக் கேட்டது."

"அப்படியா? ஒன்பதாவது கேள்வியைப் படி."

"'போன மாசத்துல எந்த வேளையாவது சாப்பாடு இல்லாம இருந்தீங்களா?'"

"பதில்?"

"'இல்லை. மூணு வேளையும் வயிறாரச் சாப்பிட்டோம்.'"

"அடுத்த ஃபாரத்தைப் படி. அதுக்கு அடுத்ததையும் படி."

எல்லாவற்றிலும் அதே பதில். ஒரு வார்த்தை கூட மாறவில்லை.

"பத்தாவது கேள்விக்கு, போன மாசம் பாதி நாள் கூலி வேலையே இல்லன்னு சொல்றாங்க. அப்புறம் வயிறாரச் சாப்பாடு எங்கேயிருந்தும்மா வந்துச்சு? மாசக் கடைசிக்குள்ள உண்மையான பதிலைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன். இல்லன்னா உனக்கு அடுத்த வருஷம்தான்."

சைக்ளோஸ்டைல் மை நாறும் அந்தக் கட்டை அள்ளிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள். எரிச்சலோ எரிச்சல். மூன்று மாசமாக நாயாய் அலைந்ததற்கு இதுதான் பலனா? வெயிலில் கறுத்து, ரெண்டு ஜோடி செருப்பு தேய்ந்து, முதல் நாளே பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்து, ஊர்க்காரர்கள் சோடா உடைத்துக் கொடுத்து எழுப்பி... இத்தனைக்கும் பிறகு, 'நீயே ரொப்பிட்டியா'வாம்!

சாரை விட அந்த ஊர்ப் பொம்பளைகள் மேல்தான் கோபம் ஜாஸ்தி. ஆராய்ச்சி முறை என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். அதைக் கரைத்துக் குடித்தவள் வினோதினி. கேள்வி கேட்கிறவர் சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று வரி வரியாக நெட்டுரு போட்டவள். ஊரே கூடிப் பேசிப் பொய் சொன்னால் என்ன செய்வது என்று அதில் ஒரு பக்கத்திலாவது போட்டிருக்கிறதா? கிடையாது!

"எல்லாம் வீண் ஜம்பம்! அடுப்புல பூனை தூங்கினாலும் வெளியில கௌரவம் கம்மியாகக் கூடாது!" என்று கறுவிக்கொண்டே அடி அண்ணாமலையில் இறங்கினாள்.

விடிந்தால் பௌர்ணமி. கிரிவலப் பாதை ஓரத்தில் சுண்டல் கடை போடுவதற்காகக் கஸ்தூரி கீற்று கட்டிக்கொண்டிருந்தாள். மற்ற நாளெல்லாம் அவளுக்குக் கழனி வேலைதான். வினோதினி முதன்முதலில் கேள்வி கேட்டது இவளிடம்தான்.

"வா கண்ணு. இன்னா, இந்த வெயில்ல?"

"அக்கா, நேராவே கேக்கறேன். முதல் நாள் நீங்களேதான் 'நாலு நாள் ராத்திரி சோறு இல்ல'ன்னு சொன்னீங்க. மறுநாள் நான் வந்ததும், 'அத்த அடிச்சிடு, மூணு வேளையும் வயிறாரச் சாப்பிட்டோம்னு எழுது'ன்னீங்க. அதுக்கப்புறம் ஊரே அதையேதான் சொல்லுது. பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

கஸ்தூரி மழுப்பவில்லை.

"ஆமா. நான்தான் அல்லார் வூட்டுக்கும் போயி சொல்லி வெச்சேன்."

வினோதினிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? உங்க பொய்யால என் படிப்பே போகப் போகுது! நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"கெடுதலா?" கஸ்தூரி கீற்றைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எனக்குச் சோறு இல்லன்னதும் நீ இன்னா பண்ண? பையில இருந்த டிபன் டப்பாவ என் கையில திணிச்சுட்டுப் பூட்ட. அன்னிக்குப் பூரா தெருத் தெருவா வூட்டுக்கு நம்பர் எழுதிக்கினு திரிஞ்ச. சாயங்காலம் வெறும் வயித்தோட பஸ் ஸ்டாப்புல சுருண்டு வுழுந்த."

வினோதினி கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள்.

"இங்க முக்காவாசி வூட்டுல சோறு இல்லாத நாளு உண்டு. அல்லாரும் நெசத்தச் சொன்னா, நீ தெனமும் டப்பாவக் குடுத்துட்டுப் பட்டினி கெடப்பியே கண்ணு! அதான்."

வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சிரிக்காமல், முகம் சுளிக்காமல், புத்தகத்தில் சொன்னபடியே தான் கேட்டோம் என்று இத்தனை நாள் இறுமாந்திருந்தாளே! ஊரையே பொய் சொல்ல வைத்தது அவள்தான். அந்த ஒரு டப்பாதான். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

பழைய கட்டின் மேல் தாளில், 'இந்தப் பதில்களைக் கெடுத்தது நான்' என்று எழுதினாள். சார் என்ன திட்டினாலும் திட்டட்டும். பிறகு புது ஃபாரம் ஒன்றை உருவிக்கொண்டு, கீற்று நிழலில் கஸ்தூரிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த வாட்டி டப்பா எதுவும் எடுத்துட்டு வரல. நிஜத்தைச் சொல்லுங்க. போன மாசத்துல எந்த வேளையாவது சாப்பாடு இல்லாம இருந்தீங்களா?"

கஸ்தூரி அவள் முகத்தையே பார்த்தாள்.

"சொல்றேன். அதுக்கு முன்னால நீ சொல்லு. காலையிலருந்து எதுனா சாப்ட்டியா?"