விருது வாங்க வராதவள்

கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெண்டல் மைதானத்தின் நடுவே தனியாக நின்றார். அவர் மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும் போட்டிருந்த மூன்று நாற்காலிகளும் காலி.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். எங்கள் பேஸ்பால் கிளப் வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் குடும்ப தினம். 'சிறந்த குடும்பத் தலைவர்' விருது இந்த வருஷம் வெண்டலுக்கு.

மைக் பிடித்தவர் இரண்டு தடவை அவர் மனைவி டெல்லாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். கடைசியில், கிளப்பின் சின்னமான நாரை வேஷம் போட்டவனை வெண்டலின் தோளில் கை போட வைத்து போட்டோ எடுத்தார்கள். கூட்டம் சிரித்தது. வெண்டலும் சிரித்தார்.

ஆட்டக்காரர்களின் மனைவிமார் உட்காரும் வரிசையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

"இந்த ஒரு நாள் வர முடியலையாமா மகாராணிக்கு?" என்றாள் ஷெல்பி.

எட்டு மாத வயிறு, முடியாமல் இருக்கும் என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள். நேற்றுகூட மார்க்கெட்டில் பார்த்தேனே, நன்றாகத்தான் நடந்தாள் என்றாள் இன்னொருத்தி. எனக்கும் கோபம்தான்.

வெண்டல் பதினோரு வருஷமாகச் சின்ன லீக்கில் ஆடுகிறவர். பெரிய லீக் அவரை ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. குளிர்காலத்தில் மற்றவர்கள் வெளிநாட்டுக்கு ஆடப் போவார்கள். இவர் பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லாமல் ஊரிலேயே ஒரு கிடங்கில் மூட்டை இறக்குவார். வெளியூர் ஆட்டம் முடிந்து ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்தாலும், மகள்களுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துதான் படுப்பார்.

என் கணவர் டாரனுக்கும் அவருக்கும் ஒரே வேலை. கேட்சர். பந்து எறிகிறவனுக்கு எதிரே நாள் முழுக்க முட்டி மடக்கி உட்கார்ந்து பந்தைப் பிடிக்க வேண்டும். ஏழு வாரத்துக்கு முன்னால் டாரனின் கட்டைவிரல் உடைந்தபோது, தன் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே வெண்டல்தான். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஊர் முன்னால் இப்படி நிற்க வைத்துவிட்டாளே என்று எனக்கு ஆறவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் டாரனிடம் சொன்னேன்.

"விடு பெக்கா. அது அவங்க வீட்டு விஷயம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் விடவில்லை. விழாவில் வெட்டிய கேக்கில் நாலு துண்டு எடுத்துக்கொண்டு நேராக டெல்லா வீட்டுக்குப் போனேன். கிளப் கொடுத்த குடியிருப்பில் எங்களுக்கு நேர் கீழ்வீடு.

கதவைத் திறந்தவளை உட்காரக்கூட விடவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உங்களுக்காகவும் பிள்ளைங்களுக்காகவும் உழைச்சே தேஞ்சு போனவர். ஒரு நாரைப் பொம்மையோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார். பிள்ளைங்களையாவது அனுப்பியிருக்கலாமே நீங்க?"

டெல்லா முழுவதையும் கேட்டாள். அப்புறம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"காலையில மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். டீம்ல இருந்து அவரை எடுத்துட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. "அப்ப, அந்த விருது?"

"அது போன மாசமே விளம்பரம் பண்ணினது. டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. விழா முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சிரிச்ச முகமா வந்து வாங்கிக்கிட்டா, பிரசவம் வரைக்கும் இந்த வீட்டுல இருந்துக்கலாமாம்." உள் அறையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பெரியவ காதுல விழுந்துடுச்சு. அவ முன்னாடி மைக்கை நீட்டினா விஷயத்தைப் போட்டு உடைச்சுடுவா. அதான் ரெண்டு பேரையும் அனுப்பல."

குடும்பத் தலைவர் என்று கேடயம் கொடுத்தவர்கள், அதே நாளில்தான் அந்தக் குடும்பத்தின் சோற்றிலும் கை வைத்திருக்கிறார்கள். ஷெல்பியையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு இப்போதே போய் மேனேஜரை நாலு வார்த்தை கேட்போம், அவர் செய்தது பச்சைத் துரோகம் என்றேன்.

"வேண்டாம் பெக்கா."

"ஏன் வேண்டாம்? அவர் மாதிரி ஒருத்தரை எடுத்துட்டு அந்த இடத்துல யாரை வைக்கப் போறாங்களாம்?"

டெல்லா என்னைப் பார்க்கவில்லை. கீழே குனிந்து, தரையில் கிடந்த சின்னவளின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

டீமில் இரண்டு கேட்சருக்குத்தான் இடம். டாரன் ஆடாத ஏழு வாரத்துக்கு எடுத்த புதுப் பையனையும் கிளப் விடப்போவதில்லை. விரல் சரியாகிவிட்டது, நாளையிலிருந்து ஆடலாம் என்று டாக்டர் டாரனுக்குச் சொன்னது அன்று காலையில்தான்.

கேக் தட்டோடு அப்படியே நின்றேன். டெல்லாதான் பேசினாள்.

"காலையில அவர் போன் பண்ணி விஷயத்தைச் சொல்லி அஞ்சு நிமிஷம்கூட ஆகல. நீ படியிறங்கி ஓடி வந்து, 'டாரன் நாளைக்கு ஆடறார்'னு என்னைக் கட்டிப்பிடிச்சே. மூணு மணி நேரம் உன் பக்கத்துல உட்கார்ந்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும், உன் சந்தோஷமும் போயிடும்னுதான் நான் வரல."