கைக்குட்டையில் மரத்தூள்

மாப்பிள்ளை கைக்குட்டையை விரித்து, அதில் எதையோ அள்ளிக் கொட்டி முடிச்சுப் போட்டதை மேஸ்திரி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். முடிச்சு கால்சட்டைப் பைக்குள் போயிற்று. பின்னாலேயே மேசை மேலிருந்த சூப்பர் குளூ குப்பியும் போயிற்று.

ஊரில் அவருக்கு நூல்மேஸ்திரி என்றுதான் பெயர். அவர் மாட்டிய கதவு நூல் பிடித்தாற்போல் நிற்கும். ஆனால் மனுஷன் ஒருத்தரையும் நம்ப மாட்டார். கடைக்காரன் நிறுத்துக் கொடுத்த ஆணியை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். பென்சில்காரனும் ஏமாற்றுகிறான், இப்போது வருகிற கறுப்புப் பென்சிலில் கரியே வைப்பதில்லை, கோடு விழுவதில்லை என்று திட்டிவிட்டு, தடித்த சிவப்புப் பென்சிலுக்கு மாறியிருந்தார். அது எப்போதும் அவர் காதில்தான் செருகியிருக்கும். வேறு யாரும் தொடக்கூடாது. பெண் கொடுத்த மாப்பிள்ளையைத் தச்சுப் பட்டறையில் சேர்த்துக்கொண்டதும் அரை மனசாகத்தான்.

மாப்பிள்ளை குழாயடிக்குப் போன நேரம் பார்த்து மேஸ்திரி எழுந்தார். மரம் அறுக்கிற மேசைக்கு அடியில் குவிந்திருந்த மரத்தூளில் கைவிட்டு அள்ளிய பள்ளம் தெரிந்தது. குப்பையில் போகிற தூள். அதை ஒருத்தன் ஒளித்து எடுக்கிறான் என்றால் சும்மா இருக்காது. குப்பைக்கூடையைக் காலால் கிளறினார். அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி, காலியான சூப்பர் குளூ குப்பிகள்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொத்தலில் மரத்தூளைத் திணித்து, மேலே சூப்பர் குளூவைச் சொட்டவிட்டால் கண் மூடித் திறப்பதற்குள் கல்லாக இறுகிவிடும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டால், துளை போட்டவனுக்கே இடம் தெரியாது. உளுத்த பலகையைத் தலையில் கட்டுகிறவன் செய்கிற வேலை. இந்தப் பட்டறையில் அது கூடவே கூடாது என்று மாப்பிள்ளை வந்த அன்றே சொல்லியிருந்தார்.

மகளும் இதற்குக் கூட்டு என்று இப்போது தோன்றியது. முன்பெல்லாம் மதியச் சாப்பாடு பட்டறைக்கே வந்துவிடும். கொஞ்ச காலமாக, வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட்டு, படுத்து எழுந்துதான் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாசம் என்று நினைத்திருந்தார். ஆளைக் கிளப்பிவிடுகிற ஏற்பாடு!

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மாப்ள, டாக்டர் வீட்டு அலமாரி எந்த மட்டுல இருக்கு?"

"முடிஞ்ச மாதிரிதான் மாமா. சாயந்தரம் பாலிஷ் போடுறவர் வந்துடுவார்."

நாலு கதவு. இருவரும் ஆளுக்கு இரண்டு கதவாகத் துளை போட்டு முடித்தாயிற்று. கைப்பிடி மாட்டுவதுதான் பாக்கி.

"நீங்க சாப்பிட்டு வாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குவீங்க, பாத்துக்குவீங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேஸ்திரி கிளம்பினார்.

தெருமுனை வரை போனார். அங்கிருந்து திரும்பி, பின்பக்கச் சந்து வழியாக வந்து, எதிர்ச்சுவரில் சாய்ந்தபடி பட்டறை ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மேசை மேல் டாக்டர் வீட்டுக் கதவு. பக்கத்தில் முடிச்சவிழ்ந்த கைக்குட்டை. மாப்பிள்ளை தூளை விரல் நுனியால் அழுத்தினார், குப்பியைக் கவிழ்த்தார். மெல்லிசாக ஒரு புகை எழுந்தது.

மேஸ்திரி உள்ளே நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

மாப்பிள்ளை சட்டென்று பலகை மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

பெண்ணைக் கொடுத்தவன் தலையிலேயே மிளகாய் அரைக்கிறீர்களா என்று மேஸ்திரி பிடித்துக்கொண்டார். உளுத்த மரத்தை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. உளுப்பு இல்லை. அப்படியானால் துளையைக் கோணலாகப் போட்டுவிட்டு அடைக்கிற வேலை. அது இன்னும் கேவலம்.

"யாரு போட்ட துளை இது? வெளி ஆள் யாரையாவது விட்டீங்களா?"

"விடுங்க மாமா. பாலிஷ் ஏறிட்டா ஒண்ணும் தெரியாது."

அந்தப் பதில்தான் மேஸ்திரிக்கு எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது. மகள் முகம் ஒரு கணம் வந்து போயிற்று. அதற்காக விட முடியாது என்று தள்ளிவிட்டார்.

"இந்தத் துளையைப் போட்டவன் எவனா இருந்தாலும் இன்னையோட பட்டறைய விட்டு இறங்கணும். என் மருமகனா இருந்தாலும் சரி."

"மாமா, வேணாம்..."

"கையை எடுங்க."

மாப்பிள்ளை அசையவில்லை. மேஸ்திரியே அந்தக் கையை விலக்கினார். கதவை நிமிர்த்தி, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

அடைக்காத துளை இன்னும் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு விரல் தள்ளி, துளை விழுந்திருக்க வேண்டிய இடத்தில், தடித்த சிவப்புக் குறி ஒன்று.

அவர் கை தானாகக் காதுக்குப் போயிற்று. பென்சில் அங்கேயேதான் இருந்தது.

மாப்பிள்ளை கைக்குட்டையை மெதுவாக மடித்தார். தன் பென்சிலை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கறுப்புப் பென்சில் நல்லாத்தான் எழுதுது மாமா."