காலி ஹோல்டர்

மகள் மாதங்கியின் கல்யாணத்துக்கு வராத வேதமூர்த்தி, கிறிஸ்துமஸுக்கு வந்தார். ஓய்வுபெற்ற மின்பொறியாளர். மருமகன் ஜெரால்டு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்ற சபதத்தோடு, தானே செய்த சீரியல் செட்டையும் பரிசாகக் கொண்டுவந்திருந்தார்.

"கடைச் சரக்கு இல்ல. என் டிசைன். உன் பேரன் காலத்துலயும் எரியும்."

வாசலில் கட்டி, சுவிட்சைப் போட்டார். எரிந்தது. மின்சாரம் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டுச் செருப்பை மாட்டினார். அத்தனை பல்பும் அணைந்தன.

"ஒண்ணு லூசானாலும் எல்லாம் போயிடுமேப்பா. இப்படியே விட்டுட்டா போறீங்க?"

"என் வேலையில லூசா?"

செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் ஏறினார். ஜெரால்டு ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்துக்கொண்டே போனவரின் விரல், காலியாக இருந்த ஒரு ஹோல்டரில் நின்றது. திரும்பினார். மாதங்கியின் வலது கையில் டீ டம்ளர். இறுக மூடிய இடது கையின் விரலிடுக்கில் சிவப்புக் கண்ணாடி தெரிந்தது.

"டீ ஆறுதுப்பா."

கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"பெரிய ஃபால்ட்டா இருக்கும்போல. லேட்டாகும்," என்றார். "சர்க்கரை போடலியே?"

டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, காலி ஹோல்டரைத் தாண்டி அடுத்த பல்பைத் திருகத் தொடங்கினார்.