வாத்து எப்போது மாறினான்?

“டேய், அடுத்து நீதான் பேசணும். வாத்தோட ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவன் நீ ஒருத்தன்தான்” என்று ஒட்டடை காதைக் கடித்தான்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு நாற்காலியில் இருப்பே கொள்ளவில்லை. இறந்துபோன வாத்தின் வீட்டுக் கூடத்தில் இரங்கல் பேசக் கூடியிருந்ததெல்லாம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் க்ரூப் கூட்டம். அந்த க்ரூப்பில் யாருக்கும் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். பார்த்தால் ஊரே எழுந்து நிற்கும் வங்கி மேலாளர் இங்கே வெறும் ஒட்டடை.

“என்னத்தடா பேசறது? ஸ்கூல்ல அந்தப் பய எப்படி இருந்தான்னு உனக்கே தெரியும்.”

“தெரியாம என்ன? ரப்பர் கேட்டா முறைப்பான். கொட்டாவி விட்டாக்கூட வாத்தியார்கிட்ட போட்டுக் கொடுப்பான். அதையெல்லாம் இப்பச் சொல்லித் தொலைக்காத!”

அதுதான் கடைக்காரரைக் குடைந்துகொண்டிருந்தது. சில வருடங்களுக்கு முன் க்ரூப்பில் சேர்ந்ததிலிருந்து வாத்து ஆளே வேறு. ஒட்டடை வீடு மாறியபோது பீரோ தூக்கினான். கடைக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து வராந்தாவே கதியென்று கிடந்தான். “நீங்க மட்டும் இல்லேன்னா...” என்று கடைக்காரர் தழுதழுத்ததும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னடா நீங்க, வாங்க? வாயில ‘டா’ வரலையா?”

பள்ளிக்கூடக் கதை பேசும்போது மட்டும் அவன் வாயே திறக்கமாட்டான். “அப்புறம் என்னடா ஆச்சு?” என்று ஆவென்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அப்பேர்ப்பட்டவனைப் பற்றி ஒப்புக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார அவருக்கு மனசு வரவில்லை. அவன் எப்போது மாறினான், எதனால் மாறினான்? அது தெரிந்தாக வேண்டும். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். வழுக்கைத் தலை, வாய் கொள்ளாத சிரிப்பு. பெஞ்சில் பக்கத்தில் இருந்த வாத்து சிரித்ததாகவே ஞாபகம் இல்லை.

சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார். இறந்தவனின் மனைவி வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, தப்பா நினைக்காதம்மா. ஸ்கூல்ல இவன் ஒருத்தருக்கும் ஒரு துண்டு ரப்பர் கொடுத்தவன் இல்ல. அப்புறம் எப்படி இவ்ளோ தங்கமா மாறினான்? நடுவுல என்னதான் நடந்துச்சு?”

அழுது வீங்கிய முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

“அவர் மாறவே இல்லண்ணே. எப்பவுமே இப்படித்தான்.”

கூடத்திலிருந்து ஒட்டடையின் குரல் வந்தது. “டேய் கண்ணாடி! உனக்காக மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், வாடா!”

“இருடா, வரேன்!” என்று கத்திவிட்டு, “எனக்குப் புரியலையேம்மா” என்றார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“க்ரூப்புல சேர்க்கும்போது நீங்க ஒரு நம்பரை மாத்திப் போட்டுட்டீங்கண்ணே. அவர் ஏழு வயசுல பட்டறை வேலைக்குப் போனவரு, பள்ளிக்கூட வாசலையே மிதிச்சதில்ல. ‘ராங் நம்பர்னு சொல்லிடுங்க’ன்னு நான் எவ்வளவோ சொன்னேன். ‘இத்தனை நாளா வேலை வாங்கத்தான் எல்லாரும் என்னை டேய்னு கூப்பிட்டாங்க, இவங்கதான் பாசமா டேய்ங்கறாங்க, கெடுத்துடாத’ன்னு என் வாயை அடைச்சுட்டாரு.”